வீட்டில் கேட்கிற நாய் வெளியில் ஏன் கேட்பதில்லை: கவனச்சிதறலையும் பின்னடைவையும் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குள் "உட்கார்" என்றதும் உட்காரும் நாய், வாசலைத் தாண்டியதும் காதே கேட்காததுபோல நடந்துகொள்ளும். "இதுக்குத் திமிரு" என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். திமிர் என்று பெயர் வைத்துவிட்டால், கத்துவதைத் தவிர நமக்கு வேறு வேலை இருக்காது. நாம் வைத்த படி அதற்கு எட்டவில்லை என்று எடுத்துக்கொண்டால் செய்ய நிறைய இருக்கிறது: தூரத்தைக் கூட்டலாம், நேரத்தைக் குறைக்கலாம், பரிசை மாற்றலாம். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் நேராக "வா" கற்றுக்கொடுக்கும் ஆறாம் பகுதிக்கு ஓடுகிறார்கள். பத்து நாளில் "என் நாய்க்கு இதெல்லாம் சரிப்படாது" என்று நிறுத்தியும் விடுகிறார்கள்.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

முதலில் உடம்பு. நன்றாகச் செய்துகொண்டிருந்த நாய் திடீரென்று உட்கார மறுத்தால் இடுப்பிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத நாய்க்குக் காதில் தொற்று இருக்கலாம். வயதான நாய் என்றால் காது மந்தமாகியிருக்கலாம். மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது வீட்டுப்பாடம். வெளியே எதிர்பார்க்கும் கட்டளை உள்ளே உறுதியாக இருக்க வேண்டும். நாய்க்கு முதுகைக் காட்டி நின்று "உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். பல நாய்கள் குழம்பிப்போய்ச் சுற்றி முன்பக்கம் வரும். அது கற்றது வார்த்தையை அல்ல, உங்கள் கை அசைவையும் உடம்பின் சாய்வையும்தான். நின்றுகொண்டு, தரையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த அறையில் என்று நிலையையும் இடத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தானாக எடுத்துப்போவதில் நாய்கள் அவ்வளவு கெட்டியல்ல. ஒவ்வொரு புது இடமும் அதற்குப் பாதிப் புதுப்பாடம்.

சரியாகச் செய்த நொடியைச் சுட்டிக்காட்ட ஒரு குறிச்சொல் வேண்டும். கிளிக்கர் (அழுத்தினால் "க்ளிக்" என்று ஒலிக்கும் சின்னக் கருவி) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் "சபாஷ்" போல ஒரு குட்டைச் சொல் போதும். பையிலிருந்து தீனியை எடுத்துக் கொடுப்பதற்குள் ஓரிரு வினாடி ஓடிவிடும். அதற்குள் நாய் எழுந்திருக்கும், எழுந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும். குறிச்சொல் அந்த இடைவெளியை அடைக்கிறது.

கருவிகள் இரண்டே. மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னெஸ் ஒன்று, 5 முதல் 10 மீட்டர் வரை நீளமுள்ள கயிறு ஒன்று. நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்ட வேண்டாம். ஓடுகிற வேகத்தில் கயிறு தீர்ந்துபோனால் அந்த இழுப்பு மொத்தமும் கழுத்தில்தான் விழும். கயிற்றை உங்கள் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். பெரிய நாய் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் விரல் எலும்பு முறியும். தானாகச் சுருளும் கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அதில் எப்போதும் ஒரு இழுவிசை இருந்துகொண்டே இருப்பதால், இழுத்தால் நீளம் கிடைக்கும் என்றுதான் நாய் கற்கும்.

தீனியை மூன்று தரமாகப் பிரியுங்கள். தினசரி உலர் உணவு கீழ்த்தரம். பிஸ்கட் மாதிரியானவை நடுத்தரம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி போன்றவை உயர்தரம். உயர்தரத்தை வீட்டுக்குள் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வெளியே மட்டும். ஒவ்வொரு துண்டும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக இருக்கட்டும். நாய்க்கு எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் கணக்கு. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பயிற்சித் தீனி 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகம் தேவைப்படும் நாளில் சாப்பாட்டிலிருந்தே ஒரு பங்கை எடுத்துப் பயிற்சிக்கு வையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் கூடவே கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருக்கிறார்களா என்று டப்பாவைப் பாருங்கள், அது நாய்க்கு நஞ்சு.

2. உங்கள் நாயின் பட்டியலைப் போடுங்கள்

ஒரு நாய்க்கு அணில். இன்னொரு நாய் அணிலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, சைக்கிள் போனால் மட்டும் துள்ளும். அதனால் பொதுவான பட்டியல் உதவாது. ஒரு வாரம் கட்டளை எதுவும் கொடுக்காமல் வெறுமனே நடத்திக் கூட்டிப்போங்கள். எதைப் பார்த்தது, எவ்வளவு தூரத்தில், என்ன செய்தது, மீண்டும் உங்கள் பக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்துங்கள். நிற்கிற பொருளைவிட ஓடுகிற பொருள் கடினம், ஒன்றைவிடப் பல கடினம். நமக்குக் கண்ணில் படாதது மோப்பம். "இங்கே ஒன்றுமே இல்லையே, ஏன் இப்படி?" என்று நாம் நிற்கும்போது, அது முந்தைய இரவு வேறொரு நாய் சிறுநீர் விட்டுப்போன புல்லை முகர்ந்துகொண்டிருக்கும்.

பட்டியலில் ஆசையால் இழுப்பதையும் பயத்தால் முறைப்பதையும் தனித்தனியாகக் குறியுங்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: குரைப்பு, பாய்ச்சல், முறுக்கிய உடம்பு. ஆனால் பயந்த நாயை அதன் பயத்துக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது கீழ்ப்படிதல் பயிற்சி ஆகாது. அதற்கு முதல் மருந்து தூரம்.

3. எல்லைத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

மொத்தப் பயிற்சியும் தங்கியிருப்பது இதில்தான். ஒரு பொருளை நாய் பார்க்கிறது, ஆனாலும் உங்கள் பேச்சைக் கேட்க முடிகிறது என்றால் அது எல்லைக்கு வெளியே இருக்கிறது. பார்த்தபின் உங்கள் குரல் அதன் மண்டையில் ஏறவே இல்லை என்றால் எல்லையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. உள்ளே போன நாய்க்குப் பாடம் நடக்காது, எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் சரி.

தூரத்தில் இன்னொரு நாய் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். குரைப்பு வருவதற்கு வெகு முன்பே உடம்பு பேச ஆரம்பித்துவிடும். லேசாகத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும். காது இரண்டும் முன்னே திரும்பி நிற்கும். எடை முன்னங்கால்களுக்கு நகரும். வால் அசைவு நின்று விறைக்கும், அல்லது உயர்ந்து சிறிய, வேகமான அசைவாக மாறும். கண் சிமிட்டுவது குறையும். இப்போது தீனி கொடுத்தால், வழக்கமாக மெதுவாக வாங்கும் நாய் விரலோடு சேர்த்துக் கவ்வும். அடுத்த கட்டத்தில் தீனியை மூக்கருகே வைத்தாலும் முகத்தைத் திருப்பும். வாய் மூடுகிற அந்த முதல் கட்டத்தில் நீங்கள் விலகத் தொடங்க வேண்டும். குரைத்தபின் விலகினால் தாமதம்.

அளக்கும் முறை எளிது. பொருளிலிருந்து மிகத் தொலைவில் தொடங்குங்கள். சில அடி முன்னே வந்து, நின்று, நாயின் பெயரைச் சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லுங்கள். இரண்டு வினாடிக்குள் தலை திரும்பினால் இன்னும் சில அடி. திரும்பாத இடம் வந்ததும் நின்று, கடைசியாகத் திரும்பிய இடத்துக்குப் பின்வாங்கி, அதற்கும் கொஞ்சம் பின்னால் போங்கள். அந்த இடம்தான் இன்றைய தொடக்கம்.

"இன்றைய" என்பதைக் கவனியுங்கள். எல்லை நாளுக்கு நாள் மாறும். காலையில் பட்டாசுச் சத்தம், மதியம் வீட்டுக்கு விருந்தாளி, மாலையில் ஒரு நாயோடு மோதல் என்று அடுத்தடுத்து வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாங்கும் நாய்கூட மாலையில் ஒரு சின்ன விஷயத்துக்கு வெடிக்கும். பெரிய பதற்றத்துக்குப் பிறகு உடம்பு அடங்க மணிக்கணக்கில் ஆகும், சில நாய்களுக்கு ஓரிரு நாள்கூட ஆகும். அந்த நாளில் பயிற்சியை விட்டுவிட்டு, ஆளில்லாத இடத்தில் மோப்பம் பிடிக்க விட்டுக் கூட்டிவாருங்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம்.

4. மூன்று அளவுகளில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்டலாம்

எந்தக் கட்டளையையும் கடினமாக்குவது மூன்று: உங்களுக்கும் நாய்க்கும் இடையிலான தூரம், எவ்வளவு நேரம் அப்படியே இருக்க வேண்டும், சுற்றிலும் உள்ள சலனம், அதாவது கவனத்தைக் கலைப்பவை. சலனத்தைக் கூட்டும் நாளில் மற்ற இரண்டையும் குறையுங்கள். வீட்டில் பத்து அடி தள்ளி ஒரு நிமிடம் "இரு" என்று இருந்த நாயைப் பூங்காவில் அதேபோல எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் பூங்காவில் நீங்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், "இரு" இரண்டே வினாடிதான்.

எப்போது கூட்டுவது என்று மனம்போல முடிவெடுக்காமல் ஐந்து ஐந்தாக எண்ணுங்கள். ஐந்தில் நான்கோ ஐந்தோ முதல் சொல்லிலேயே சரி என்றால் ஒரு படி ஏற்றுங்கள். மூன்று என்றால் அங்கேயே இருங்கள். இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு படி இறக்குங்கள். "நேற்று செய்ததே" என்ற வாதம் இங்கே செல்லாது.

ஒரு அமர்வு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். தினமும் செய்தால்தான் ஏறும் என்பதும் இல்லை. வாரத்துக்கு ஓரிரு முறை மட்டும் பயிற்சி பெற்ற நாய்கள், தினமும் பெற்றவற்றைவிடக் குறைந்த அமர்வுகளிலேயே பாடத்தைக் கற்றதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

5. பார்த்துவிட்டுத் திரும்புவதற்குக் கூலி கொடுங்கள்

நாயை எதையும் பார்க்கவே விடாமல் மூக்குக்கு முன்னால் தீனியை ஆட்டிக்கொண்டே கடந்துபோவது பலரின் வழக்கம். அன்றைக்குக் காரியம் நடக்கும். ஆனால் நாய் எதையும் கற்காது, தீனி தீர்ந்த நாளில் பழையபடி பாயும். பார்க்க விட வேண்டும், பார்த்தபின் தானாகத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எல்லைக்கு வெளியே நில்லுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும், இறுக்கிப் பிடித்தாலே நாய் விறைக்கும். அது அந்தப் பொருளைப் பார்த்த நொடியில் "சபாஷ்" சொல்லுங்கள், தீனிக்குத் தலை திரும்பும், கொடுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். ஒரு கட்டத்தில் நாய் பார்த்துவிட்டு, நீங்கள் சொல்வதற்கு முன்பே "எங்கே என் பங்கு?" என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அன்றிலிருந்து "சபாஷ்" பார்த்ததற்கு இல்லை, திரும்பியதற்கு. இந்த மாற்றம் வந்தபிறகுதான் தூரத்தைக் குறைக்க வேண்டும்.

தீனி மட்டும்தான் கூலி என்று இல்லை. மோப்பத்துக்காக உயிரை விடும் நாய்க்கு, உங்களை ஒருமுறை பார்த்ததும் "போ" என்று சொல்லி அந்தப் புல்லிலேயே மோப்பம் பிடிக்க விடுவது கோழித் துண்டைவிடப் பெரிய பரிசு. அதிகம் விரும்பும் செயலை, குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது உளவியலாளர் டேவிட் பிரிமேக் சொன்ன விதி. எது கவனத்தைக் கலைக்கிறதோ அதையே உங்கள் பக்கம் வேலை வாங்கிக்கொள்ளலாம்.

6. "வா" என்பதற்குத் தனிப்பாடம்

மற்ற கட்டளைகள் தவறினால் சங்கடம். "வா" தவறினால் நாய் வண்டிச் சக்கரத்தில் மாட்டலாம். அதனால் இதற்கு எப்போதும் உயர்தரத் தீனி, எப்போதும் நீளக் கயிறு.

கயிறு தரையில் இழுபடட்டும், நுனி உங்கள் காலடியில். சலனம் குறைந்த இடத்தில், நாய் ஏற்கெனவே உங்களை நோக்கித் திரும்பும்போது "வா" சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பின்னோக்கி ஓடுங்கள்; விலகுகிறவரைத் துரத்த நாய்க்குப் பிடிக்கும், நெருங்குகிறவரிடமிருந்து விலகத்தான் தோன்றும். வந்ததும் ஒரே துண்டைத் திணிக்காமல், நாலைந்து துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஹார்னெஸைப் பிடித்தபடியே கொடுத்துவிட்டு, மறுபடி விட்டுவிடுங்கள்.

இந்த மறுபடி விடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விளையாட்டு முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் "வா" என்று கூப்பிட்டால், "வா" என்றால் கொண்டாட்டம் முடிந்தது என்று நாய் கணக்குப் போட்டுவிடும். பத்து முறை கூப்பிட்டால் எட்டொன்பது முறையாவது திரும்ப விளையாட அனுப்புங்கள். குளிப்பாட்ட, நகம் வெட்ட, திட்ட "வா" என்று கூப்பிடவே கூடாது. அதற்கெல்லாம் நீங்களே நடந்துபோய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால், அதாவது கேட்டதும் நாய் வேறுபக்கம் ஓடினால், அதைப் பழுதுபார்க்க மெனக்கெட வேண்டாம். புதுச் சொல்லையோ விசிலையோ எடுத்து, வீட்டுக்குள்ளிருந்து புதிதாகத் தொடங்குங்கள். அது சீக்கிரம் முடியும்.

7. கேட்காத அந்த நொடியில் என்ன செய்வது

ஒருமுறை சொல்லுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். நடக்கவில்லை என்றால் திரும்பச் சொல்லாதீர்கள், நகருங்கள். "உட்கார், உட்கார், டேய் உட்கார்" என்று அடுக்கினால், மூன்றாவது "உட்கார்" வரை காத்திருக்கலாம் என்பதுதான் பாடமாகும்.

நகர்வது என்றால் பொருளிலிருந்து விலகி வளைவாக நடப்பது. பதினைந்து இருபது அடி தள்ளி நின்று நாய் மூச்சு விட்டதும், எளிதான ஒன்றைக் கேளுங்கள், பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்ப்பது போதும். அதற்குப் பரிசு கொடுத்து அந்த அமர்வை முடித்துவிடலாம். தோல்வியில் முடிக்கக் கூடாது என்று சொல்லி, கடினமானதையே வெற்றி வரும்வரை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. களைத்த நாய் இன்னும் மோசமாகத்தான் செய்யும்.

கயிற்றைச் சுண்டுவது, அடிப்பது, மின்னதிர்வுப் பட்டை போடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே காரணம் சொல்வேன். வலி வந்த நொடியில் நாயின் கண்ணுக்கு முன்னால் இருப்பது அந்த இன்னொரு நாயோ குழந்தையோதான். வலியை அதோடு முடிச்சுப் போடும். நீங்கள் குரைப்பை நிறுத்தப் போய், பயத்தை வளர்த்துவிடுவீர்கள்.

8. பின்னடைவு வந்தால் முதலில் எந்த வகை என்று பாருங்கள்

எல்லாப் பின்னடைவுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

ஒரே ஒரு மோசமான நாள்: தூக்கம் குறைவு, வெயில், சினைப்பருவம், வீட்டில் சலசலப்பு. ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் பார்த்தபின் முடிவெடுங்கள்.

வளரிளம் பருவம்: சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, பெரிய இனங்களில் இன்னும் கொஞ்சம் அதிகமாக, கற்றதெல்லாம் மறந்ததுபோல இருக்கும். 2020இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், 5 மாதத்தில் வளர்ப்பவர் சொல்லுக்கு உட்கார்ந்த நாய்கள் 8 மாதத்தில் அவர் சொன்னால் கேட்பது குறைந்தது. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அப்படிக் குறையவில்லை. ஆக, பாடம் அழிந்துவிடவில்லை. இந்தக் காலத்தில் நீளக் கயிற்றைக் கழற்றாதீர்கள், எதிர்பார்ப்பை இரண்டு படி இறக்குங்கள், பரிசை ஏற்றுங்கள். பருவம் கடந்ததும் பெரும்பாலும் திரும்பி வரும்.

பயம்: ஒரே சம்பவம் பல மாத வேலையைச் சாய்த்துவிடும். 1924இல் ரஷ்யாவின் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வெள்ளம் வந்தபோது, நாய்களின் கற்றலை ஆராய்ந்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வகத்து நாய்கள் கிட்டத்தட்ட மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. அவற்றில் சில, கற்ற பழக்கங்களை இழந்திருந்தன. பிறகு மெல்ல மீண்டன, ஆனால் அப்படி மீண்ட நாயிருந்த அறையின் கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டதும் பழைய குலைவு திரும்பிவிட்டது. உங்கள் நாயை வேறொரு நாய் கடித்த தெருமுனைக்கும் இதே கணக்குதான். அந்த இடத்தைச் சில வாரம் தவிர்த்து, பிறகு தொலைவிலிருந்து மூன்றாம் பகுதியைப் புதிதாகத் தொடங்குங்கள்.

பரிசைச் சீக்கிரம் நிறுத்தியது: வெளியில் பார்க்கும் பின்னடைவுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பது என் கணிப்பு. இரண்டு வாரம் நன்றாகச் செய்ததும் பை வீட்டிலேயே இருந்துவிடும். நாய் சில நாள் பழக்கத்தில் செய்யும், அப்புறம் நின்றுவிடும். பரிசைக் குறைக்கும்போது, சலனம் குறைந்த இடத்தில் முதலில் குறையுங்கள். கடினமான இடத்தில் கடைசிவரை கொடுங்கள்.

தணிவதற்கு முந்தைய எழுச்சி: மேலே தாவுவதைக் கண்டுகொள்ளாமல் விட முடிவெடுத்தால், குறைவதற்கு முன் அது அதிகமாகும். இதுவரை பலித்தது பலிக்கவில்லை என்றால் இன்னும் பலமாக முயன்று பார்ப்பது இயல்பு. அந்த உச்சத்தில் நீங்கள் இறங்கிவந்து தள்ளிவிட்டாலோ கத்தினாலோ, பலமாகத் தாவினால்தான் கவனம் கிடைக்கும் என்று ஆகிவிடும். நின்றுபோன பழக்கம் சில வாரம் கழித்து ஒரு நாள் திடீரென்று எட்டிப்பார்ப்பதும் உண்டு. பதறாமல் முன்போலவே நடந்துகொண்டால் முதல்முறையைவிட வேகமாக அடங்கும்.

இவை எதிலும் சேராத திடீர் மாற்றம் என்றால் முதல் பகுதியின் முதல் பத்திக்குப் போங்கள், மருத்துவர்தான்.

9. திரும்பக் கட்டும் வரிசை

அ. இரண்டு நாள் ஓய்வு. நடை மட்டும், கட்டளை கிடையாது.

ஆ. வீட்டுக்குள் அதே கட்டளையை ஐந்து முறை சோதியுங்கள். இங்கேயே தவறினால் கட்டளையையே புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். வெளியே மட்டும் தவறினால் சிக்கல் சலனத்தில்.

இ. கடைசியாக நான்கு சரி வந்த படியைக் குறிப்பேட்டில் தேடி, அதற்கும் ஒரு படி கீழே தொடங்குங்கள். ஒரு படி கூடுதலாக இறங்குவதன் காரணம், நாய்க்குத் தொடர்ந்து சில வெற்றிகள் வேண்டும், உங்களுக்கும்தான்.

ஈ. ஐந்துக்கு நான்கு விதியோடு ஏறுங்கள். ஏற்கெனவே ஏறிய படிகள் இரண்டாம் முறை வேகமாக வரும். வேகத்தைப் பார்த்து இரண்டு படியைச் சேர்த்துத் தாண்ட ஆசை வரும், வேண்டாம்.

உ. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒருவர் "இரு", ஒருவர் "நில்லு", இன்னொருவர் "ஸ்டே" என்றால் நாய் எதைத்தான் கேட்கும்?

10. எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பல்லைக் காட்டி உறுமுவது, வெறும் காற்றைக் கவ்வுவது, கடிப்பது, பயத்தில் சாப்பாட்டையே விடுவது, தன்னைத்தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது ஆகியவை இந்த வழிகாட்டிக்குள் அடங்காது. மருத்துவர், அதோடு நடத்தைச் சிக்கல்களைக் கையாளும் பயிற்சியாளர், இருவரும் வேண்டும். உறுமுவதைத் தண்டித்து நிறுத்தவும் முயலாதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்தமுறை நேராகக் கடிதான் வரும். பயிற்சியாளரைத் தேடும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "நாய் சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும்? தவறினால் என்ன நடக்கும்?" பட்டை, சுண்டு, அதட்டு என்று பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். அவர் வரும்வரை, எது தூண்டுகிறது என்று இரண்டாம் பகுதியில் போட்ட பட்டியலை எடுத்து வையுங்கள், முதல் நாள் அவர் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.